விழாப் பையும் சந்தைப் பையும்

எமது கல்லூரியின் யூபிலி விழாவை முன்னிட்டுக் கூடிய குழுவினர், விழாவுக்கு வருகை தரும் பழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் கல்லூரி இலச்சினை பொறித்த புதிய பருத்தித் துணிப்பை ஒன்றினை நினைவுப் பொருளாக வழங்குதல் வேண்டுமென யோசனை கூறியுள்ளனர். வீட்டுக்குச் சாமான் வாங்கச் செல்வோர் பொலித்தீன் பையை விடுத்துத் துணிப்பையைக் கையிலெடுத்தல் வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். நோக்கம் நன்று, அதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும், அந்நோக்கம் நிறைவேறும் வழி இதுவன்று என்பது எமது துணிபு. அன்றைய கூட்டத்தில் இதனைச் சொல்ல எழுந்தோம். நேரமாகிவிட்டதென்று தலைவர் மணியைப் பார்த்தமையால் அமர்ந்துவிட்டோம். மலராசிரியர் சில பக்கங்களை எமக்கு உதவியமையால், அன்று சொல்லாது விட்டதை ஈண்டுச் சொல்லுகின்றோம். தமிழாசிரியனுக்குப் பையைப் பற்றி என்ன தெரியும் என்று வினாவுவாரும் உளராவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிழமைதோறும் சந்தைக்குப் போய் மரக்கறியும் மீனும் வாங்கி வருபவன் அத்தமிழாசிரியனே என்பது அவர்க்கு எமது மறுமொழி.

கூட்டம் முடிந்து வீடு திரும்பிய அன்று மாலை எம் வீட்டிலுள்ள பைகளை எண்ணிப் பார்த்தோம். குசினிக் கதவின் பின்புறத்திலும், அலுமாரியின் அடித்தட்டிலும், மேசையின் கீழுமாகப் பத்தொன்பது பைகள் அகப்பட்டன. புடைவைக் கடைகள் தந்தவை ஏழு. கருத்தரங்குகளிற் கிடைத்தவை ஐந்து. திருமண வீடுகளிலே தாம்பூலத்தோடு தரப்பட்டவை நான்கு. பிறிதொரு பாடசாலையின் விழாவிலே இலச்சினையோடு பெற்றது ஒன்று. எஞ்சிய இரண்டும் எம் மனைவியார் பழைய சாரமொன்றை வெட்டித் தைத்தவை. இப்பத்தொன்பதில் எத்தனை சந்தைக்குப் போகின்றன என்று பார்த்தால், இறுதியிற் சொன்ன இரண்டு மாத்திரமே போகின்றன.

ஏனையவை ஏன் போகவில்லை? சோம்பலே காரணமென்று முதலில் எண்ணினோம். ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை புலனாயிற்று. திருமணப் பையினுள் ஒரு தேங்காய் வைத்தால் மற்றொன்றுக்கு இடமில்லை. கருத்தரங்குப் பை கடதாசிக்கென்று தைக்கப்பட்டது. அடியில்லாத தட்டைப் பை. அதிலே உருளைக்கிழங்கைப் போட்டு மேலே தக்காளியை வைத்தால் வீடு சேர்வதற்குள் தக்காளி இரசமாகிவிடும். புடைவைக் கடைப் பைகளிற் சிலவற்றின் பிடி நீண்டு தொங்கி, சைக்கிளிற் கொளுவினாற் சில்லுக் கம்பியில் மாட்டுகின்றது. இலச்சினைப் பையின் கதையோ வேறு. அது நல்ல துணி, நல்ல தையல், நல்ல அளவு. ஆயினும் வெள்ளை வெளேரென்ற அதன் முகப்பிலே ஒரு கல்விக் கழகத்தின் இலச்சினை விளங்குதலால், மரவள்ளிக் கிழங்கின் செம்மண் அதிற் படுவதற்கு எம் மனம் ஒப்பவில்லை. மடித்து வைத்தோம். ஏழாண்டுகளாக மடித்தபடியே இருக்கின்றது. எமது விழாக் குழுவினர் தரவிருக்கும் பைக்கும் இக்கதியே நேரும் என்று அஞ்சுகின்றோம். கல்லூரியின்பால் அன்பு மிகுந்தோர் வீட்டிலேதான் அது முதலில் நேரும்.

பயன்படாது கிடப்பதால் என்ன கேடு, பொலித்தீன் அன்று, துணிதானே என்று சிலர் கூறக்கூடும். துணிப்பை இலவசமாக முளைப்பதன்று. பருத்திச் செடிக்கு நீரும் உரமும் பூச்சிகொல்லியும் வேண்டும். பின்னர் நூற்றல், நெய்தல், வெளிற்றல், அச்சிடல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எரிபொருள் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைக் கணக்கிட்டது. ஒருமுறை மாத்திரம் பயன்படுத்தி எறியும் மெல்லிய பொலித்தீன் பையினும், புவியை வெப்பமாக்கும் அளவிலே, பருத்திப் பை மேலானதாவதற்கு அது 131 முறை பயன்படல் வேண்டும் என்பது அதன் முடிவு. கிழமைக்கு ஒருமுறை சந்தைக்குச் செல்வார்க்கு இஃது இரண்டரை ஆண்டுக் கணக்கு. டென்மார்க்கின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2018 இல் வெளியிட்ட கணக்கு இதனினும் கடியது. காலநிலையை மாத்திரம் கருதினால் 52 முறை போதும். நீர், மண், ஓசோன் முதலாய எல்லாக் கேடுகளையும் சேர்த்துக் கருதினால் 7100 முறை வேண்டும் என்று அது கூறிற்று. கிழமைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் 136 ஆண்டுகள். எம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் அதே பையைக் காவுதல் வேண்டும்!

இக்கணக்குகளைக் காட்டிப் பொலித்தீனே மேல் என்று வாதிடுவாரையும் கண்டிருக்கின்றோம். அவ்வாதம் பிழையானது. காற்றிற் பறந்து வேலியில் தொங்கும் பையையும், மாட்டின் இரைப்பையிற் சேரும் பையையும், கடலிற் சேரும் பையையும் டென்மார்க்கின் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை. எமது ஊரிலோ கேடு அங்கேதான் மிகுதி. நாம் அவ்வாய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே. புதிதாய்ச் செய்த பை எத்துணை நல்ல பொருளாலானதாயினும் கடனோடு பிறக்கின்றது. சந்தைக்குப் போய்ப் போய்த்தான் அக்கடனைத் தீர்க்கின்றது. பழைய சாரத்தில் தைத்த பையின் கடனையோ, சாரமாக இருந்த காலத்திலேயே அச்சாரம் தீர்த்துவிட்டது.

துணிப்பை என்னும் பெயரோடு கடைகளிலே தரப்படுவனவற்றுள் பல துணியே அல்ல என்பதையும் சொல்லாது விடுதல் முறையன்று. பச்சை, நீலம், சிவப்பு எனப் பல நிறத்தில் மெத்தென்றிருக்கும் அப்பைகளை உற்று நோக்குமின். ஊடும் பாவும் தோன்றா. சிறு சிறு புள்ளிகள் அழுத்தப்பட்டிருக்கும். நுனியிலே ஒரு நூலை இழுக்க முயன்றால் நூல் வாராது. அது பொலிபுறப்பிலீன் என்னும் பிளாஸ்ரிக் இழையை வெப்பத்தால் அழுத்தி ஒட்டிய பொருள். நெடுநாள் பயன்படுத்தினால் அதுவும் நன்றே. மேற்சொன்ன 2011 ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு 11 முறையே போதுமென்றது. ஆனால் எமது வெயிலிற் சில மாதம் தொங்கினால் அது உமி உமியாய் உதிர்ந்து முற்றத்து மண்ணோடு கலந்துவிடும். அதனைத் துணியென்று நம்பி அடுப்பிலே போடுவாரும் உளர். குழுவினர் எந்தப் பையை வாங்க நினைத்தாலும் இப்பையைத் துணிப்பையென்று வாங்கி ஏமாறாதிருப்பாராக.

நிற்க. 'சொப்பிங் பை' என்று மக்கள் வழங்கும் இப்பொலித்தீன் பை எமது வாழ்விற் புகுந்தது நெடுங்காலத்துக்கு முன்னர் அன்று. சுவீடன் நாட்டு ஸ்டென் குஸ்டாப் துலின் என்பார், பிடியும் பையும் ஒரே துண்டாய் அமையுமாறு வகுத்த வடிவுக்கு 1965 ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. இந்நாட்டிலே 2007 ஆம் ஆண்டு முதல் 20 மைக்கிரோனுக்கு மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 இல், புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிலே குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்து முப்பது பேர்வரையில் மாண்டனர். அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாம் நாள் தொடக்கம் மேலும் சில தடைகள் வந்தன. சோற்றுப் பொதிக்கான பொலித்தீன் தாளும், றிஜிபோம் பெட்டியும், ஒருவகைப் பொலித்தீன் பையும், பிளாஸ்ரிக் குப்பையை வெளியிலே எரித்தலும் விலக்கப்பட்டன. 2025 நவம்பர் முதலாம் நாள் தொடக்கம் வணிகர் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தலாகாது, விலையைப் பற்றுச்சீட்டிலே காட்டுதல் வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானி வாயிலாக விதித்தது. இத்துணை விதிகளுக்குப் பின்னரும் மாலைவேளையிலே எமது ஒழுங்கைகளாற் செல்வோர், எரியும் பொலித்தீனின் நாற்றம் அறியாதாரல்லர். கல்லுண்டாய் வெளியாற் பயணம் செய்தார்க்கு நாம் எதுவும் கூறவேண்டியதில்லை.

விதி பையின் விலையைக் கூட்டலாம். வீட்டிலிருந்து புறப்படும்போது கையிலே ஒரு பையைக் கொடுத்தல் விதியால் ஆகாது. அதனை ஒருகாலத்தில் எமது வீடுகளே செய்தன. எம் ஆச்சி சந்தைக்குப் புறப்படுகையில் மரக்கறிக்கு ஒரு கடகமும் மீனுக்கு ஓர் உமலும் உடன் போகும். கடைக்காரர் சீனியையும் பருப்பையும் கடதாசிச் சரையிற் சுற்றி நூலாற் கட்டித் தருவர். மண்ணெண்ணெய்க்குப் போத்தல், நல்லெண்ணெய்க்கு வேறு போத்தல். வீடு வந்ததும் உமல் கிணற்றடியிற் கழுவப்பட்டு வேலிக் கதியாலிலே கவிழ்த்துக் கொளுவப்படும். மறுநாட் காலையில் அது உலர்ந்து அடுத்த மீனுக்கு ஆயத்தமாயிருக்கும். இவற்றை ஆச்சி எவரிடமும் கற்றாரல்லர். சூழலைக் காக்கின்றோம் என்ற நினைவும் அவர்க்கில்லை. பை என்பது வீட்டிலிருந்து போய் வீட்டுக்கு வருவது என்பதற்கு மாறான ஒன்றை அவர் அறியார். அவ்வளவே.

அண்மையில் ஒன்பதாம் வகுப்பிலே பாடத்தினிடையே 'உமல்' என்ற சொல் வந்தது. பொருள் கேட்டோம். ஒரு மாணவன் அது ஒரு மீன் என்றான். மற்றொருவன் ஊர்ப்பெயர் என்றான். மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் மாத்திரமே பனையோலைப் பை என்றனர். கடகம், குட்டான், கொட்டப்பெட்டி, நீற்றுப்பெட்டி, சுளகு, தடுக்கு என நாம் வளர்ந்த வீட்டிலே ஒவ்வோர் ஓலைப்பொருளுக்கும் ஒரு பெயர் இருந்தது. இன்று நூறு வகைப் பைக்கும் 'பாக்' என்ற ஒரு பெயரே உண்டு. சொல் அழிவதைத் தமிழாசிரியன் பொறுக்கமாட்டான் என்று நகைப்பார் நகைக்கட்டும். பொருள் வீட்டை விட்டுப் போனபின்பே சொல் வாயை விட்டுப் போயிற்று.

எம் வாழ்விலே பையின் அருமையை நாம் அறிந்த நாள் ஒன்று உண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது எமக்கு வயது பதினைந்து. எம் தாயார் எம்மிடம் காவத் தந்தது பழைய மாப்பைத் துணியிலே தைத்த ஒரு பை. அது எமது பிறப்புக்கு முன்னரே தைக்கப்பட்டதென்பர். ஐந்து கொத்து அரிசியும், ஒரு செம்பும், எமது பாடநூல்களும், தாயாரின் சேலை இரண்டும் அதனுள் இருந்தன. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து அப்பாற் செல்வதற்குள் விடிந்துவிட்டது. இரவு முழுதும் மழை. எமக்கு அருகில் நடந்தவர்களின் பைகள் பல காதறுந்து பொருள்கள் சேற்றிலே சிந்தின. குனிந்து எடுப்பதற்கும் நெருக்கத்தில் இடமில்லை. எமது பையின் காது எம் தோளைப் புண்ணாக்கிற்று, ஆனால் அறவில்லை. பின்னர் ஒருநாள் அதனைப் புரட்டிப் பார்த்தோம். தாயார் காதினைப் பையின் வாயோடு நிறுத்தாது, இருபக்கமும் கீழிறக்கி அடிவரை கொண்டுசென்று தைத்திருந்தார்.

ஆதலின், பை தைத்தலைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். மலரிலே தையற்பாடமா என்று முகஞ்சுளிப்போர் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

பை பெரிதாயிருத்தல் நன்று என நினைப்பது முதற்பிழை. பெரிய பையிலே பூசணியும் தேங்காயும் அடியிலிருக்கும் கத்தரிக்காயை நசுக்கும். காவுபவர் தோளும் ஒருபுறம் சாயும். நடுத்தரமான பை இரண்டு எடுத்துச் சென்றால் சைக்கிள் பிடியின் இருபுறமும் சமமாகத் தொங்கவிடலாம். 14 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் 5 அங்குல அடியும் உள்ள பை குடும்பத்துக்குப் போதியது. அதற்கு 20 அங்குல அகலமும் 38 அங்குல நீளமும் உள்ள துணி வேண்டும். பழைய சாரத்தின் மூட்டைப் பிரித்து வெளிச்சத்திலே பிடித்தால் உட்காரும் இடம் தேய்ந்து சல்லடைபோலத் தோன்றும். அதனை விலக்கி எஞ்சியதிலே இரண்டு பையும் அவற்றின் காதுகளும் தாராளமாக வரும். கதவுச் சீலை, படுக்கை விரிப்பு, கட்டையான பாடசாலைக் காற்சட்டை ஆகியனவும் உதவும். நாட்பட்ட வேட்டி உதவாது. அது பாரம் தாங்காது. அதற்குரிய வேலையைப் பின்னர்ச் சொல்வோம்.

துணியை நீளவாட்டில் இரண்டாக மடித்தால் அடிப்பக்கத்துக்குத் தையல் வேண்டியதில்லை. பாரம் முழுதும் அடியிலே தங்குதலின் அங்கே தையல் இல்லாமையே நன்று. இருபக்கத்தையும் முதலில் வெளிப்புறமாக ஒருமுறை தைத்து, பின்பு புரட்டி உட்புறமாக மீளவும் தைத்தல் வேண்டும். இவ்விரட்டைத் தையலால் ஓரம் உள்ளே மறையும், நூல் பிரியாது. அதன்பின் அடி மூலை இரண்டையும் முக்கோணமாக இழுத்து, ஐந்து அங்குல அகலத்திலே குறுக்கே தைத்தால், தட்டையாயிருந்த பைக்கு அடி உண்டாகும். கருத்தரங்குப் பைக்கு இல்லாதது இந்த ஐந்து அங்குலமே.

காதுக்கு 5 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் கொண்ட துண்டை நான்காக மடித்துத் தைத்தல் வேண்டும். எம் தாயார் செய்ததுபோல அடிவரை கொண்டுசெல்லத் துணி போதாவிடின், வாயிலிருந்து மூன்று அங்குலமாவது கீழிறக்கிச் சதுரமாகத் தைத்து, அச்சதுரத்தினுள்ளே குறுக்கும் மறுக்குமாக இரு கோடு தைத்தல் வேண்டும். கடைகளிற் கிடைக்கும் பைகளிலே காது வாயோடு ஒட்டி நிற்கும். உடம்படுமெய் பெறாது இரண்டு உயிர்கள் புணர முயல்வது போன்றது அது, நிலைக்காது. தைத்து முடித்த பையிலே ஐந்து கிலோ அரிசியை இட்டுக் கதவின் ஆணியிலே ஓர் இரவு தொங்கவிடுக. காலையிலே தையல் இடம் விட்டிருந்தால் அங்கே மீளத் தைக்க. இச்சோதனை சந்தையிலே நிகழ்வதினும் வீட்டிலே நிகழ்தல் மானத்துக்கு நல்லது.

இனி வேட்டியின் வேலை. அண்மையில் ஒரு கடைக்கு எமது துணிப்பையைப் பெருமிதத்தோடு கொண்டுசென்றோம். அங்கிருந்த பிள்ளை போஞ்சியை ஒரு மெல்லிய பொலித்தீனிலும், கரட்டை இன்னொன்றிலும், பச்சைமிளகாயை மற்றொன்றிலுமாக இட்டு நிறுத்து, விலைச்சீட்டு ஒட்டி, எல்லாவற்றையும் எமது துணிப்பையினுள் அன்போடு அடுக்கித் தந்தது. வீட்டிலே கொட்டி எண்ணினோம்: ஒன்பது! பொலித்தீனைக் காவுவதற்கே துணிப்பை கொண்டுபோயிருக்கின்றோம். மெலிந்த வேட்டியிலே ஒரு சாண் அகலத்தில் வாயிலே கயிறு கோத்த சிறு பைகள் ஆறு ஏழு தைத்துக்கொண்டால் இவ்விடர் நீங்கும். அவை பாரமற்றவை ஆதலின் தராசிலே வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. கீரையை அதிலே நனைத்து வைத்தால் மறுநாளும் வாடாது. மீனுக்குத் துணிப்பை ஆகாது. உமலோ மூடியுள்ள பாத்திரமோ வேண்டும். இறைச்சி கொண்டுசென்ற பாத்திரத்தை வெந்நீரிற் கழுவாது வேறெதற்கும் எடுத்தல் ஆகாது.

பை எங்கே தங்குகிறது என்பதும் பெரிய காரியம். அலுமாரியிலே தங்கும் பை சந்தையை அடையாது. சாமானை இறக்கியவுடன் பையை மீளவும் சைக்கிளிலேயே கொளுவிவிடும் வழக்கத்தை நாம் கைக்கொண்டோம். அதன்பின் மறந்தது அரிது. மழை நாளிலே மறக்கின்றோம், ஒப்புக்கொள்கின்றோம்.

உமலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம் அயலிலே பனையோலைப் பன்னவேலை செய்யும் அம்மையார் ஒருவர் உளர். சார்வோலையை வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து அவர் இழைக்கத் தொடங்கினால் கண்ணும் கையைத் தொடராது. அவரிடம் தொழில் எவ்வாறு நடக்கின்றது என்று கேட்டோம். "இழைக்கிறதில வருத்தமில்லை மாஸ்ரர். ஓலை வெட்ட ஆளில்லை. வெட்டி இழைச்சாலும் எங்கட சனம் வாங்காது. சாயம் போட்டுத் தாங்கோ, வெளிநாட்டுக்காரர் சுவரில கொளுவ வாங்குவினம் எண்டு கடைக்காரர் சொல்லினம்" என்றார். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்ட காலந்தொட்டு இக்கைத்தொழிலைக் காக்க முயன்று வருகின்றது. ஆனால் சுவரிலே தொங்கும் உமல் ஆண்டுக்கு ஒன்று விற்கும். மீன் காவும் உமல் தேயும், மீளவும் வாங்கப்படும். தொழில் வாழ்வது தேய்வினால்தான். ஓலைக்குக் குறையும் உண்டு. மாரியிலே பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தோடு மூலையிலே போட்டால் பூச்சி அரிக்கும். அடுப்புப் புகை படும் இடத்திலே ஆச்சி அதனைத் தொங்கவிட்டதன் காரணம் இப்போது எமக்கு விளங்குகின்றது. எரிவாயு அடுப்புள்ள வீட்டிலே வெயில்தான் கதி.

எமது கருத்தை நண்பர் சிலரிடம் சொன்னபோது இரு தடைகள் எழுந்தன. ஆண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பிப்பதா என்பது ஒன்று. இதற்கு நீண்ட விடை வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தையற்கடைகளிலே இயந்திரம் மிதிப்போரை நண்பர்கள் ஒருமுறை எட்டிப் பார்ப்பாராக. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவர் கையிலே பழைய சாரத்துப் பையைக் கொடுப்பது கல்லூரிக்கு இழுக்கு என்பது மற்றையது. இத்தடை எம்மைச் சிந்திக்கச் செய்தது. எனினும், இங்கிலாந்திலே 2015 ஒக்டோபர் முதலாகப் பெருங்கடைகளிற் பொலித்தீன் பைக்கு 5 பென்ஸ் அறவிடப்பட்டது; 2021 மே முதலாக அது 10 பென்ஸ் ஆயிற்று. அங்கு வாழும் எம்மவர் பல ஆண்டுகளாகத் தம் காரிலே பை வைத்திருப்போரே. எம்மிடமுள்ள பத்தொன்பதினும் கூடிய பைகள் அவரிடம் இருக்கும். இருபதாவது பையை அவர் விரும்பார். தம் ஆச்சி வீட்டு உமலைக் கண்டால் விரும்புவர். (அவுஸ்திரேலியாவிலிருந்து வருவோர் மாத்திரம் திரும்பிச் சென்று இறங்கும்போது ஓலைப்பொருளை அதிகாரிகளிடம் அறிவித்தல் வேண்டும்.)

விழாக் குழுவினரிடம் நாம் வேண்டுவது இதுவே. புதிய பருத்திப் பைகளுக்கென ஒதுக்க நினைத்த பணத்திலே ஒரு பகுதிக்கு உமல்களை இழைப்போரிடமே நேரிற் சொல்லிச் செய்விக்க. ஐப்பசி மழை தொடங்கினால் ஓலை காயாது. ஆதலின் இப்போதே முற்பணம் கொடுக்க. அவர் கேட்கும் விலையிலே பேரம் பேசாதிருக்க. எஞ்சிய பணத்திலே தையல் இயந்திரம் இரண்டு வாங்கித் தொழினுட்பத் திறன் பாடம் நிகழும் அறையில் வைக்க. அயலிலுள்ள பழைய மாணவர் ஒவ்வொருவரும் தேய்ந்த சாரம், கதவுச் சீலை, பிள்ளைகளுக்குக் கட்டையான காற்சட்டை ஆகியவற்றைத் தோய்த்துக் கொண்டுவந்து தருக. மாணவர் தைப்பர். இலச்சினை வேண்டுமாயின் பொறிக்கலாம். முகப்பிலே வேண்டா, பையின் வாய்க்கு உட்புறத்திலே, ஒரு ரூபாய்க் குற்றியளவில், சிறிதாகப் பொறித்தல் போதும். மரவள்ளிக் கிழங்கு அதனைத் தொடாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவருட் சிலர் அவ்வுமற் பாடத்துக்குப் பின்னர்த் தாமாகவே ஒரு பை தைத்து எமக்குத் தந்தனர். கதவுச் சீலைத் துணி, பூப்போட்டது. ஒரு காது மற்றையதினும் இரண்டு அங்குலம் நீளம். ஐந்து கிலோ அரிசிச் சோதனையிலே முதல் இரவு தோற்றது. மீளத் தைத்த பின் தேறிற்று. சென்ற சனிக்கிழமை அது பதினொராவது முறையாகச் சந்தைக்குப் போய்வந்தது.